குசினியில் நின்று கத்திப் பார்ப்பது

போன மாதம் ரிஸ்வான் என் வீட்டுக்கு வந்தான். திருகோணமலை நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையை இப்போது அவனும் அவனைப் போன்ற சிலரும் செய்கிறார்கள். நான் விட்டுவிட்டேன். முழங்கால் சைக்கிளுக்குச் சரிவரவில்லை. அவர்களுக்குச் சைக்கிள் தேவையில்லை. போனில் படம் போடுகிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அமைதியான சூழல். மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் அதே வரி. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மேல்மாடிக்கும் அதே வரி.

அவனுக்கு ஒரு கரைச்சல்.

"ஐயா, ஆக்கள் இப்ப வாடகையைக் கேக்க முந்தி, கள்ளன் இருக்கானா, தூள் விக்கிறவன் இருக்கானா, பொலிஸ் கிட்டவா எண்டுதான் கேக்கிறாங்க. நாங்க என்னத்தச் சொல்ற?"

"நீ என்ன சொல்றனி?"

"ஒரு பிரச்சினையும் இல்ல எண்டுதான்."

"போய்ப் பாத்தனியா?"

"எல்லா வீட்டுலயும் போய் நிண்டா எப்ப ஐயா வேலை செய்யிற?"

தங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கூடுவார்கள், வந்து உங்கள் காலத்துக் கதையைச் சொல்லுங்கள் என்றான். எனக்குக் கதைக்க வராது. எழுதவும் வராது, எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எழுதும்போது ஒருவரும் நடுவில் போன் எடுக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் குச்சவெளிப் பக்கம். துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. வேறு வேலை தேடியபோது திரேசா அக்கா கிடைத்தார்.

அக்கா சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். புருசன் துறைமுகத்தில் வேலை செய்து செத்துப்போனவர். சட்டை தைக்க வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போது வீட்டுக் கதை சொல்லுவார்கள். யார் வீடு மாறுகிறார்கள், யாருடைய மேல்வீடு சும்மா கிடக்கிறது, எல்லாம் அங்கே வந்துசேரும். அக்கா தரகு தேடிப் போகவில்லை. தரகு அவரிடம் வந்தது. தைத்து முடித்த சட்டைகளுக்கு நடுவே ஆணிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திறப்புகள் தொங்கும். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. என்னிடம் சைக்கிள் இருந்தது. அவ்வளவுதான் எனக்கிருந்த தகுதி. முதல் வருடம் திறப்பு எடுத்துக் கொடுத்தேன், வீடு கூட்டினேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அதோடேயே கதைப்பார். பழகினால் விளங்கும். வீடு பார்க்க வந்தவர்கள் வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் கேட்பார்கள். ஊசி வாயில் இருக்கப் பதில் வரும். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் இருக்கும் பஞ்சுருண்டையில் குத்தினார் என்றால் விசயம் பெரிது. அதற்குப் பிறகு சொல்வதை ஒருமுறைதான் சொல்வார். கேட்டால் கேள், விட்டால் விடு.

ஞாயிற்றுக்கிழமை வீடு காட்ட விடமாட்டார். அன்றைக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், எந்தத் தெருவும் எந்த ஒழுங்கையும் நல்லதாகத் தெரியும் என்பார். வேலை நாளில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், ஆண்கள் வேலைக்குப் போய், ஒழுங்கை வெறிச்சென்று கிடக்கும் முற்பகலில் போகவேண்டும். கள்ளனுக்குத் தோதான நேரம் அது. அவன் பார்க்கிற நேரத்தில் நீயும் பார் என்பார்.

ஆட்களைக் கூட்டிப் போவதற்கு முன் நான் தனியாகப் போய்வர வேண்டும். வெளியில் செருப்புக் கிடக்கிறதா. கொடியில் உடுப்பு நம்பிக் காயப் போட்டிருக்கிறதா. சைக்கிளை உள்ளே ஏற்றி வைக்கிறார்களா. காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களா. பிறகு முகப்புக் கடையில் ஒரு பிளேன்ரீ. கள்ளன் இருக்கிறானா என்று கேட்கக் கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். தங்கள் ஒழுங்கையைத் தாங்களே குறை சொல்வார்களா? கடைசியாக இங்கே யார் பொலிசுக்குப் போனது, போய் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அப்போது வேறு பயம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். கள்ளனைப் பற்றி நினைக்க நேரமிருக்கவில்லை. அது ஓய்ந்த பிறகுதான் ஆட்கள் சிலிண்டரைக் கட்டத் தொடங்கினார்கள்.

பொலிசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டை ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ எடுக்கிறீர்கள். பொறுப்பதிகாரி அதற்குள் மாறிப் போய்விடுவார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு யோசனை. ஒருவர் வந்தார். மதகில் குந்தியிருக்கும் பெடியளைக் கலைத்தார். நல்ல காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெடியள் போன பிறகு சைக்கிள் காணாமல் போகத் தொடங்கியது. அந்தப் பெடியள் வேலை இல்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காவல் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் போய் அடுத்தவர் வந்தார். கேற்றுக்குக் கேற் லைற் போடச் சொன்னார். போட்டார்கள். கொஞ்ச நாளில் பல்ப்பைக் களவெடுத்தார்கள். மூன்றாமவர் ஊராட்களை வைத்து விழிப்புக் குழு அமைத்தார். குழுவில் இருந்தவர்கள் வெள்ளைச் சட்டை தைக்க அக்காவின் கடைக்கு வந்தார்கள். ஒரு கூட்டம் நடந்தது. பிஸ்கட் கொடுத்தார்கள்.

ஆட்கள் என்னிடம் கேட்பது, இந்தப் பக்கம் பொலிஸ் எப்படி என்று. எந்தப் பொலிஸ்? போன மாதத்துப் பொலிசா, வாற மாதத்துப் பொலிசா?

இனி அந்த வீட்டின் கதை. உப்புக் கிட்டங்கி ஒழுங்கை என்று நாங்கள் சொல்லுவோம். உயர்ந்த மதில், இரும்புக் கேற், ஜன்னலுக்கெல்லாம் கிறில். ஒழுங்கை முகப்பில் பொலிஸ் காவலரண். வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் கான் ஓடியது. அந்தக் கான்தான் இரண்டு பொலிஸ் பிரிவுக்கும் எல்லை. பெயர் வேண்டாம். மேற்குப் பொலிஸ், கிழக்குப் பொலிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குச் சமைக்கிற குசினி சிறிதாக இருந்தது. அவர் என்ன செய்தார்? கானுக்கு மேலே சிலாப் போட்டு, அந்தப் பக்கம் வரைக்கும் குசினியை நீட்டிக் கட்டினார். எங்கள் ஆட்கள் செய்கிற வேலை இது. ஹோல் மேற்குப் பொலிசில், குசினி கிழக்குப் பொலிசில்.

வசந்தி மிஸ்ஸி வெருகலில் இருந்து மாற்றலாகி வந்தவர். தாதி. புருசன் கட்டாரில். மகள் துளசி ஓ.எல். சோதனை எழுத இருந்தாள். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் இங்கே நல்ல ரீச்சர்மார் இருக்கிறார்கள் என்றுதான் தாய் மாற்றல் கேட்டு வாங்கியது. மிஸ்ஸிக்கு இரவு வேலை வரும்போது பிள்ளைக்குத் துணையாகப் படுக்க ஒரு மனுசியை ஒழுங்கு செய்திருந்தார். பகல் வேலை என்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பின்னேரம் வரை தனிய. அவர் கேட்டது ஒன்றுதான். பிள்ளையைப் பயமில்லாமல் விட்டுவிட்டுப் போகக்கூடிய வீடு.

எங்களிடம் அப்போது இரண்டு வீடு இருந்தது. ஒன்று மதில் வீடு. மற்றது கடற்கரைப் பக்கம், மீன்பிடிக்கிற ஆட்களின் ஒழுங்கையில். தகர வேலி. அடுத்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் கேட்கும். கொஞ்சம் தள்ளிச் சாராயத் தவறணை. கள்ளச்சாராயம், கசிப்பு விற்கிற ஒருவனும் இருந்தான், மறைக்கவில்லை, சொன்னோம். மதில் வீட்டின் குறையையும் சொன்னோம். அக்கா ஊசிகளை எடுத்துக் குத்திவிட்டுத்தான் சொன்னார்.

"மிஸ்ஸி, அந்த வீட்டுக்கு ரெண்டு பொலிஸ். முன்பக்கம் ஒண்டு, குசினிப் பக்கம் ஒண்டு."

"ரெண்டு எண்டா நல்லதுதானே அக்கா."

"ரெண்டு பெண்சாதிக்காரன் பட்டினி கிடந்த கதை உங்களுக்குத் தெரியாதே?"

மிஸ்ஸி சிரித்தார். மதில் வீட்டையே எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்பிள்ளையை வைத்திருக்கிற தாய் மதிலைத்தான் பார்ப்பாள். ஆசுபத்திரி கிட்ட. காவலரண் கண்ணுக்கு முன்னால். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

களவு நடந்தது பட்டப்பகலில். துளசி ஹோலில் படித்துக்கொண்டிருந்தாள். குசினிக் கதவை யாரோ நெம்புகிற சத்தம் கேட்டது. பிள்ளை போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டாள். கத்தினாள். தொண்டை அடைக்கும் வரை கத்தினாள். பொலிசுக்குப் போன் எடுத்தாள். எந்தப் பொலிஸ் பிரிவு என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. கள்ளன் அவசரப்படவில்லை. ஹோலில் மாட்டியிருந்த தாயின் இன்னொரு கைப்பை, மிக்சி, கடைசியாகச் சிலிண்டரையும் கழற்றிக்கொண்டு போனான். பூட்டிய கதவை அவன் ஒருமுறை தட்டிப் பார்த்தானாம். அதை அந்தப் பிள்ளை எனக்குப் பிறகு ஒருநாள்தான் சொன்னாள். தாய் வரும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

மிஸ்ஸி அழவில்லை. என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மேற்குப் பொலிசுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த சிங்களம் துறைமுகத்தில் மூட்டையோடு படித்தது. சார்ஜன் நல்ல மனுசன். கதிரை தந்தார். பொறுமையாகக் கேட்டார். கள்ளன் எந்த வழியால் வந்தான் என்றார். குசினியால் என்றோம். சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். குசினி அவர்களுடையது, அங்கே போங்கள் என்றார்.

கிழக்குப் பொலிசுக்குப் போனோம். அங்கேயும் கதிரை தந்தார்கள். விலாசம் கேட்டார்கள். சொன்னோம். விலாசம் முன் ஒழுங்கையில் இருக்கிறது, அது மேற்குப் பொலிஸ், அங்கே போங்கள் என்றார்கள்.

அடுத்த நாளும் போனோம். மிஸ்ஸி இரவு வேலை முடித்து வெள்ளை உடுப்போடேயே வந்தார். மறுபடி கதிரை. மறுபடி வரைபடம். யாராவது ஒருவர் ஏசியிருந்தால் நாங்களும் திருப்பி ஏசியிருக்கலாம். ஏச ஒருவரும் இல்லை. எல்லாரும் கதிரை தந்தார்கள்.

இதற்குள் வீட்டில் பிள்ளை குசினிக்குள் போவதை விட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்கவும் போகமாட்டாள். சுவரோடு முதுகை வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி படித்தாள். படித்தாள் என்று எப்படிச் சொல்வது, புத்தகம் மடியில் இருந்தது. மிஸ்ஸி அவளை வெருகலில் தன் தங்கையிடம் அனுப்ப முடிவெடுத்துவிட்டார். சோதனைக்குச் சில மாதம்தான் இருந்தது.

"போனா நான் சோதனை எழுத மாட்டன்," என்றாள் துளசி. தாய் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் கடைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். ஊசிகளை எடுத்துக் குத்தினார். தையல் மெசினை மூடினார். வேலை நாளில் அவர் மெசினை மூடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அளவு நாடா கழுத்தில் கிடக்க அப்படியே ஓட்டோவில் ஏறினார்.

கிழக்குப் பொலிசில் கதிரை தந்தார்கள். அக்கா இருக்கவில்லை. தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, சார்ஜனிடம் கேட்டார்.

"கள்ளன் உங்கட குசினியால வந்து, அவையின்ர ஹோலில களவெடுத்து, திரும்ப உங்கட குசினியாலதான் போனவன். இப்ப சொல்லுங்கோ. களவு ஆருடையது, கள்ளன் ஆருடையவன்?"

கொன்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும் முன் தானே சிரித்துவிட்டான். சார்ஜனும் சிரித்தார். பிறகு போன் எடுத்தார். பின்னேரம் இரண்டு ஜீப் வந்தது. முன் கேற்றில் ஒன்று, பின் ஒழுங்கையில் ஒன்று. குசினிக்குள் பூட்ஸ் காலோடு எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். மாபிள் பதித்த நிலத்துக்குக் கீழே கான் எங்கே ஓடுகிறது என்று வாதாடினார்கள். அக்கா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி ஒரு நுனியைக் கொன்ஸ்டபிளிடம் கொடுத்தார். இடுப்பளவு எடுக்கிற நாடா, எந்தப் பக்கமும் எட்டவில்லை. அந்த ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்கு இருந்த காவல் வேறு எந்த வீட்டுக்கும் இருந்ததில்லை. கள்ளன் நெம்பிய கதவை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் கிழக்குப் பொலிஸ் முறைப்பாட்டை எடுத்தது. கள்ளன் இன்றுவரை பிடிபடவில்லை.

ஜீப்கள் போன பிறகு மிஸ்ஸி வாசற்படியில் இருந்தார்.

"இவ்வளவு கத்தியிருக்கிறாள். ஒரு மனுசருக்குக் கூடவா கேக்கேல்ல?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"சிவம், குசினிக்குள்ள போய்க் கத்து."

எனக்கு வெட்கமாக இருந்தது. போய்க் கத்தினேன். கள்ளன், கள்ளன் என்று இரண்டு முறை. ஒருவரும் வரவில்லை. மதிலில் பட்டு என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. பிறகு காவலரணில் இருந்தவரிடம் போய்க் கேட்டோம். இப்போது ஏதோ கேட்டதுதான், ரிவியில் படம் ஓடுகிற சத்தம் என்று நினைத்தேன் என்றார். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தாராம். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மதிலுக்கு வெளியே வருவது ரிவிச் சத்தம் போலத்தான் இருந்திருக்கும்.

"ஓட்டோவில ஏறுங்கோ," என்றார் அக்கா. "பிள்ளை, நீயும் வா."

கடற்கரைப் பக்கத்து வீடு இன்னும் சும்மாதான் கிடந்தது. திறப்பு என் பையில் இருந்தது. மிஸ்ஸியும் துளசியும் வெளியில் நிற்க, நான் குசினிக்குள் போய் அதேபோலக் கத்தினேன். இரண்டாவது தரம் கத்த விடவில்லை. தகர வேலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். கையில் மீன் வெட்டுகிற கத்தி. பின்னால் ஒரு மனுசன், பாதி முகத்தில் சவர்க்கார நுரை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள், ஒரு நாய்.

"எங்க அவன்?" என்றார் அந்தப் பெண்.

"வரேல்ல. கேக்குதோ எண்டு சும்மா கத்திப் பாத்தனான்."

"விசரனே நீ? அடுப்பில கறி கிடக்கு எனக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன். அவரை விடக் கூடத் திட்டியது கசிப்பு விற்கிறவன். நுரை மனுசன்தான் முடித்து வைத்தார்.

"அண்ணை, அடுத்த தரம் வரேக்க ஒரு கள்ளனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஓடி வந்ததுக்கு அடிக்கவாவது ஒருத்தன் வேணும்."

துளசி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிஸ்ஸி அவளையே பார்த்தார். பிள்ளை தாயின் கையைப் பிடித்தாள்.

"இஞ்ச கேக்குது அம்மா," என்றாள்.

அந்தக் கிழமையே மாறினார்கள். அடுக்கிய உடுப்புகள் அங்கேதான் இறங்கின.

அந்த ஒழுங்கை சொர்க்கம் என்று யாரும் எழுதிப் போட வேண்டாம். கசிப்புக்காரனைத் தேடி அடிக்கடி பொலிஸ் வரும், அவனைத் தவிர மற்ற எல்லாரையும் விசாரிக்கும். சனிக்கிழமைகளில் தவறணை மூடின பிறகு பாட்டு. மிஸ்ஸி என்னைச் சந்தையில் கண்டால் முறையிடுவார். நான் என்ன கறி வைக்கிறேன் என்று ஒழுங்கைக்கே தெரியும், உப்புக் கூடினால் மறுநாள் கேட்கிறார்கள் என்பார். ஆனால் அடுத்த மாற்றல் வரும் வரைக்கும் வீடு மாறவில்லை. துளசி அங்கே குசினியில் இருந்துதான் படித்தாள். சோதனை எழுதினாள்.

அதற்குப் பிறகு நான் காட்டிய ஒவ்வொரு வீட்டிலும் குசினியில் நின்று கத்திப் பார்த்தேன். ஆட்களைக் கூட்டிப் போவதற்கு முதல் நாளே. யாராவது வந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். கனபேர் ஏசினார்கள். ஏசின ஒழுங்கைகளைத்தான் நான் முதலில் காட்டினேன். அக்கா செத்த பிறகும் அப்படித்தான் செய்தேன். சந்தையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதையும் எழுத முடியாது.

போன மாதம் வந்த அன்றைக்கு இதையெல்லாம் ரிஸ்வானிடம் வாயால் சுருக்கிச் சொன்னேன். தலையாட்டினான். பிறகு, ஐயா இதைப் பாருங்க, நல்ல வீடு ஒண்டு வந்திருக்கு என்று போனைக் காட்டினான். புது மாபிள், புதுக் கிறில், கேற்றில் கமரா. கமராவில் வீட்டுக்காரர் கனடாவில் இருந்து பார்ப்பாராம். கீழே எழுதியிருந்தது: அமைதியான சூழல், பொலிஸ் காவலரண் அருகில். அதே உப்புக் கிட்டங்கி ஒழுங்கை, அதே மதில். இப்போது இன்னும் உயர்த்தியிருந்தார்கள். கொழும்பில் இருந்து ஒரு குடும்பம் வருகிறது, தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளைகள் சின்னது என்றான்.

என்னைக் கூட்டிப் போ என்றேன். மோட்டார் சைக்கிளில் ஏற்றினான். காவலரணில் ஆள் இல்லை. இரண்டு ஆடு படுத்திருந்தது. எந்தப் பொலிசுக்கு இந்த வீடு என்று கேட்டேன். பாத்துச் சொல்றன் ஐயா என்றான். அவனுக்குப் போன் வந்தது. கேற்றடியில் நின்றுவிட்டான்.

நான் குசினிக்குள் போனேன். கதவு புதியது. கானின் மணம் மட்டும் பழையது. மூச்சை இழுத்து, இந்த வயதில் எவ்வளவு ஏலுமோ அவ்வளவு கத்தினேன். காத்திருந்தேன். திரும்பவும் கத்தினேன். இருமல் வந்தது.

ஒருவரும் வரவில்லை. ஹோலைத் தாண்டி மெல்ல வெளியே நடந்தேன். ரிஸ்வான் கேற்றில் சாய்ந்தபடி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் சேர், இப்ப அங்கதான் நிக்கிறன். சத்தமே இல்ல சேர்."